கணக்கு யாருடையது?

2019 அக்டோபரில் உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. கூட்டமே நாஜி வணக்கம் செலுத்துகையில் கைகட்டி நின்ற ஜெர்மன் தொழிலாளியின் படத்தை வைத்திருந்ததுதான் குற்றமாம்!

வெகுண்டெழுந்த பயனாளர்கள் பலர் மாஸ்டோடனுக்குப் பெயர்ந்தனர். அதற்கு ஒற்றை முதலாளி இல்லை. வெவ்வேறு குழுக்கள் நடத்தும் சர்வர்கள் பொது நெறிமுறையால் இணைந்துள்ளன. ஆயினும் பலர் திரும்பினர். நண்பர்கள் பழைய இடத்திலேயே இருந்தனரே!

தனிநபர் கோபத்தால் ஏகபோகம் உடையாது. எந்த நிறுவனத்தின் கைபேசியிலிருந்தும் எந்த எண்ணையும் அழைக்கலாம். 2011 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். இவை சந்தையின் கருணையல்ல, ஒழுங்குமுறை விதித்த கட்டாயம். அதே கட்டாயத்தைச் சமூக வலைத்தளங்களுக்கும் ஒன்றிய அரசு விதிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் அதுவரை காத்திராமல் சொந்த சர்வர்களைத் தொடங்கலாம்.