நள்ளிரவு டவரில் ஒத்தை ஆள்: இது ஒழுக்கப் பிரச்சனை இல்லை, உடம்புப் பிரச்சனை

2011 ஏப்ரல் 13. அமெரிக்காவின் ரீனோ விமான நிலையம். அதிகாலை சுமார் 2 மணி.

நோயாளியை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஆம்புலன்ஸ் விமானம், தரையிறங்க டவரைக் கூப்பிடுது. பதில் இல்லை. திரும்பக் கூப்பிடுறாங்க. பதில் இல்லை. சுமார் 16 நிமிடம் டவர் தொடர்பிலேயே இல்லை. விமானி தானே பார்த்துப் பத்திரமாக இறக்கிட்டார்.

டவரில் இருந்த ஒரே கன்ட்ரோலர் தூங்கியிருந்தார்.

அதுக்கு மூணு வாரம் முன்னாடி, மார்ச் 23. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு பயணிகள் விமானங்கள் டவர் உதவி இல்லாமலே இறங்கின. அங்கே தனியாக டூட்டியில் இருந்தது 20 வருட அனுபவம் உள்ள சூப்பர்வைசர். தொடர்ந்து நாலாவது நாள் நைட் டூட்டி.

"இவ்வளவு பொறுப்பான வேலையில தூங்கலாமா? வீட்டுக்கு அனுப்புங்க" என்பதுதான் நம்ம எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஒரு மருத்துவராக நான் சொல்ல வர்றது வேற.

தூக்கம் மன உறுதியால் ஜெயிக்கிற விஷயம் இல்லை மக்களே. ஏன்னு சொல்றேன்.

முதலாவது, உடம்புக் கடிகாரம். அதிகாலை 3 முதல் 5 மணி வரை உடல் வெப்பம் குறைந்து, விழிப்புநிலை அடிமட்டத்தில் இருக்கும். பல வருடம் நைட் டூட்டி பார்த்தவருக்கும் இது பெரிதாக மாறாது.

இரண்டாவது, விழித்திருந்த நேரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05% மது இருப்பவரின் அளவுக்குக் குறையும் என்று 1997லேயே ஆய்வில் காட்டிட்டாங்க.

மூன்றாவது, சூழல். இருட்டான அறை, பேச ஆள் இல்லை, அரை மணிக்கு ஒரு விமானம். அப்போது சில விநாடிகள் நீடிக்கும் குட்டித் தூக்கம் வரும். கண் திறந்தே இருக்கும், மூளை அணைஞ்சிருக்கும். தனக்கு அப்படி ஆச்சுன்னு அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனா பக்கத்தில் ஆள் இல்லையே?

இப்ப 2006க்குப் போவோம். ஆகஸ்ட் 27, கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன். விடியலுக்கு முந்தைய இருட்டு. சுமார் 7,000 அடி ஓடுபாதையில் போக வேண்டிய காம்ஏர் விமானம், தவறுதலாக 3,500 அடி ஓடுபாதையில் டேக் ஆஃப் செய்யப் பார்த்தது. 50 பேரில் 49 பேர் இறந்தாங்க.

முதன்மைக் காரணம் விமானிகளின் தவறு என்றுதான் விசாரணை சொன்னது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் டவரில் என்ன நிலை? ஒரே கன்ட்ரோலர். ரேடார், டவர் இரண்டு வேலையும் அவர்தான். இரண்டு பேர் இருக்கணும்னு எஃப்.ஏ.ஏ. ஏற்கனவே சொல்லியும் அன்றைக்கு ஒருத்தர்தான். டேக் ஆஃப் அனுமதி கொடுத்துவிட்டு அலுவலகக் கணக்கு வேலைக்குத் திரும்பிட்டார். விமானம் எந்த ஓடுபாதையில் திரும்பியது என்று அவர் பார்க்கவில்லை.

முந்தின நாள் அவர் காலை 6:30 முதல் மதியம் 2:30 வரை வேலை பார்த்திருந்தார். அன்றிரவே 11:30க்கு மறுபடி டூட்டி. இடையில் கிடைத்தது 9 மணி நேரம். தூங்கியது சுமார் 2 மணி நேரம்.

சோம்பேறித்தனமா? இல்லை. மாலை நேரத்தில் உடம்புக் கடிகாரம் நம்மை விழிக்க வைக்கத்தான் பார்க்கும். படுத்தாலும் தூக்கம் வராது. அன்றைய விதிப்படி 8 மணி நேர இடைவெளியே போதும். அவர் விதியை மீறவே இல்லை!

2011 சம்பவங்களுக்குப் பிறகு எஃப்.ஏ.ஏ. 27 டவர்களில் நள்ளிரவு ஒற்றை ஆள் முறையை நிறுத்தியது. நல்லது. ஷிப்ட் இடைவெளியை 8லிருந்து 9 மணி நேரமாக்கியது. கவனிங்க, லெக்சிங்டன் கன்ட்ரோலருக்குக் கிடைத்ததும் அதே 9 மணி நேரம்தான். நைட் ஷிப்ட்டுக்கு முன் 12 மணி நேர ஓய்வு என்ற அறிவிப்பு வர 2024 ஆகிடுச்சு.

டூட்டியில் குட்டித் தூக்கம் போட அனுமதி? அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட் முடியவே முடியாதுன்னுட்டார். ஆனால் நாசா ஏற்கனவே நீண்டதூர விமானிகளிடம் சோதித்த விஷயம் இது. 40 நிமிட இடைவெளி கொடுத்தாங்க, சராசரியாக 26 நிமிடம் தூங்கினாங்க, அதன் பிறகு விழிப்புநிலை தெளிவாக மேம்பட்டது.

"அப்ப இரண்டு ஆள் போட்டா போதுமா டாக்டர்?" போதாது. அதுக்குச் சாட்சி 2002 ஜூலை 1. டவர் அல்ல, சூரிச் ரேடார் மையம். இரவு டூட்டியில் இரண்டு பேர். ஒருத்தர் ஓய்வறையில். இது அங்கே வழக்கம், நிர்வாகமும் கண்டுக்கல. மீதி ஒருத்தர் இரண்டு திரைகளைப் பார்த்தார். அன்றைக்குப் பராமரிப்பு வேலையால் எச்சரிக்கை வசதி குறைக்கப்பட்டிருந்தது, தொலைபேசி இணைப்பும் வேலை செய்யல. பக்கத்து ஜெர்மன் மையத்தினர் ஆபத்தைப் பார்த்துக் கூப்பிட்டும் லைன் கிடைக்கல. ஊபர்லிங்கன் வானில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் பலி. பெரும்பாலும் குழந்தைகள்.

2007ல் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது நிர்வாகப் பொறுப்பில் இருந்த நால்வரை. சரியான இடத்தில் கை வைத்த தீர்ப்பு.

ஆகவே என் கருத்து:

1. நள்ளிரவில் இருக்கையில் எப்போதும் இரண்டு பேர் விழித்திருக்கணும். மூன்றாவது ஆள் இருந்தால்தான் ஓய்வு.

2. ஓய்வு திருட்டுத்தனமாக இல்லாமல் அட்டவணையில் இருக்கணும். எழுந்த உடனே மைக்கைப் பிடிக்கக் கூடாது. மூளை தெளிய 15-20 நிமிடமாவது வேணும்.

3. காலை டூட்டி முடித்தவரை அன்றிரவே திரும்பக் கூப்பிடும் ரோஸ்டரை ஒழிக்கணும்.

4. எந்தக் கருவி இன்று இரவு வேலை செய்யாது என்பதை டூட்டி மாறும்போது எழுத்தில் கொடுக்கணும்.

5. "இன்னிக்கு என்னால முடியல" என்று சொல்பவருக்குத் தண்டனை கூடாது.

"ராத்திரி நாலு விமானத்துக்கு இரண்டு பேர் சம்பளமா?" என்று கேட்பாங்க. ஐ.சி.யு.வில் ஆபத்தான மருந்தை இரண்டு நர்ஸ்கள் சரிபார்ப்பது வேலை அதிகம் என்பதால் அல்ல. ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிக்கணும் என்பதால்.

தூங்கியவரை மாற்றினால் அடுத்து வருபவரும் மனுஷன்தான். அவருக்கும் அதிகாலை 3 மணி வரும். மாற்ற வேண்டியது ரோஸ்டரை.