தேர்வை எழுதுவதா, எடுப்பதா?

பருவத் தேர்வு நெருங்கிவிட்டால் நம் விடுதிகளில் ஆங்கிலம் பல வேடம் போடத் தொடங்கிவிடும். தமிழ் மாணவரைக் கேட்டால் ‘ஐ ஆம் ரைட்டிங் தி எக்ஸாம்’ என்பார். பக்கத்து அறையிலுள்ள இந்தி நண்பர் ‘ஐ ஆம் கிவிங் தி எக்ஸாம்’ என்பார். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரோ இரண்டையும் அடித்துவிட்டு ‘டேக்கிங்’ என்று திருத்துவார். ஆங்கிலத்தின் கணக்குப்படி தேர்வைக் கொடுப்பவர் ஆசிரியர், எடுத்துக்கொள்பவன் மாணவன்.

இவர்களுள் எவர் அறிவில்லாதவர்? ஒருவரும் இல்லர் என்பது என் கருத்து. தமிழில் தேர்வு எழுதுகிறோம். ஆகவே ‘ரைட்’ வந்தது. இந்தியில் பரீட்சையைக் கொடுப்பது வழக்கு. ஆகவே ‘கிவ்’ வந்தது. இங்கிலாந்து மாணவன் தேர்வுக்கு ‘உட்காருவதும்’ உண்டு. இன்னொரு செய்தி நம்மவர் பலருக்கு வியப்பளிக்கும்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கனடா நாட்டு மாணவர்கள் நம்மைப் போலவே தேர்வை ‘ரைட்’ செய்கிறார்கள், அங்கே அது குற்றமன்று. ஒட்டாவாவில் நல்ல ஆங்கிலமாக இருப்பது இங்கே சிவப்பு மைக்கு இரையாகிறது!

மேக், டூ, டேக், ஹேவ், கிவ், கெட் என்னும் சின்னஞ்சிறு வினைகள்தாம் ஆங்கிலத்தில் நம்மை அதிகம் அலைக்கழிப்பவை. நீண்ட சொற்கள் தொல்லை தருவதில்லை. அவற்றை அகராதியில் பார்த்து நெட்டுருச் செய்துவிடுகிறோம். இந்தச் சிறு வினைகளுக்கோ தனியே பொருள் கூறுவதே கடினம். பிழையை ‘மேக்’ செய்ய வேண்டும். உதவியை ‘டூ’ செய்ய வேண்டும். குளியலை ஆங்கிலேயர் ‘ஹேவ்’ என்றால் அமெரிக்கர் ‘டேக்’ என்பர். பொருட்சுமை முழுவதையும் பெயர்ச்சொல் தாங்க, வினை வெறுங்கையோடு உடன் நடக்கிறது. டென்மார்க்கு நாட்டு இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் இவற்றை ‘இலேசான வினைகள்’ என்று குறித்தார். எந்தப் பெயர் எந்த வினையோடு சேரும் என்பதை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக 1950களில் நிலைநாட்டியவர் ஜே. ஆர். ஃபர்த். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில், பஞ்சாப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். நம் நாட்டு மாணவர்கள் தேர்வைக் ‘கொடுத்ததை’ அவரும் காதாரக் கேட்டிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆங்கிலம் மட்டுமா இப்படி? நம் ‘போடு’ என்ற வினையைப் பாருங்கள். கோலம் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை, கையெழுத்து, தாழ்ப்பாள், குட்டித் தூக்கம் எல்லாவற்றையும் போடுகிறோம். ‘விடு’ என்பதும் அப்படித்தான். மூச்சு, கண்ணீர், கொட்டாவி, பட்டம், சவால் ஆகிய அனைத்தும் விடப்படுகின்றன. கொட்டாவியை ஏன் போடக் கூடாது, கோலத்தை ஏன் விடக் கூடாது என்று வெளிநாட்டார் ஒருவர் கேட்டால் நம்மால் விடை சொல்ல முடியுமா? ‘அப்படித்தான் வழக்கு’ என்போம். ஆங்கிலேயன் நமக்குச் சொல்லும் விடையும் அதுவே. சளி விஷயத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் மனிதன் சளியைப் பிடிக்கிறான். தமிழில் சளி மனிதனைப் பிடிக்கிறது. வங்காள நண்பர்களோ தண்ணீரையும் சிகரெட்டையும் ‘உண்ணுகிறார்கள்’.

இதைத் தமிழர் இன்று நேற்றுக் கண்டுகொள்ளவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் இதற்கென்று விதியே இருக்கிறது. உணவில் உண்பதும் உண்டு, தின்பதும் உண்டு, பருகுவதும் நக்குவதும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ‘அடிசில்’ என்று பொதுப்பெயரால் சொல்லும்போது ஒன்றற்கே உரிய வினையைக் கூறலாகாது; ‘அயின்றார்’ என்று பொதுவினையே கூற வேண்டும் என்று உரைகாரர்கள் விளக்குகின்றனர். ஊதுவதும் கொட்டுவதுமாகிய இசைக் கருவிகளுக்கும், எய்வதும் வெட்டுவதுமாகிய படைக்கலங்களுக்கும் இவ்வாறே. ஆங்கிலேயன் சிற்றுண்டியையும் தேநீரையும் விருந்தையும் ஒரே ‘ஹேவ்’ கொண்டு முடித்துவிடுகிறானே, அந்த ‘ஹேவ்’ நம் பழைய ‘அயின்றார்’ செய்த வேலையைத்தான் செய்கிறது. இலக்கண வகுப்பில் இந்த ஒப்புமையைச் சொல்லித் தந்திருந்தால் நம் மாணவர் எத்தனை பேர் அச்சம் நீங்கியிருப்பர்!

அச்சம் என்று நான் காரணத்தோடுதான் சொல்லுகிறேன். சென்ற பருவத்தில் ஒரு கருத்தரங்கு. தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர், தம் விடையை ஒருவர் ஐயுற்றபோது, ‘ஐ புட் தி கால்குலேஷன் ட்வைஸ்’ என்றார். கணக்கை இருமுறை போட்டேன் என்பது அவர் கருத்து. அரங்கில் சிரிப்பு எழுந்தது. முதலில் சிரித்தவர்கள் வடநாட்டார் அல்லர். ஆங்கிலப் பள்ளிகளில் படித்துவந்த நம் தமிழ்ப் பிள்ளைகளே. அவர் போட்ட கணக்கு முற்றிலும் சரியாயிருந்தது. ஆயினும் அந்தப் பருவம் முடியும்வரை அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. ஒரு வினைச்சொல்லுக்காக ஒரு நல்ல மூளை பேச்சை நிறுத்திக்கொண்டது. இந்த இழப்புக்கு முன்னால் பிழையான ஆங்கிலம் எம்மாத்திரம்?

சிரித்தவர்களின் தமிழ் எப்படி இருக்கிறது என்று உணவு விடுதியில் காது கொடுத்துக் கேட்டேன். ‘வாக் பண்ணினேன், குக் பண்ணினேன், டிசைட் பண்ணினேன், வெயிட் பண்ணினேன்.’ கோலத்துக்கு ஒன்று, கொட்டாவிக்கு ஒன்று என்று துணை தேடி வைத்திருந்த மொழியில் இவர்களுக்கு மிஞ்சியது ‘பண்ணு’ ஒன்றே! ஆங்கிலத்தில் ‘மேக்’ வர வேண்டிய இடத்தில் ‘டூ’ வந்தால் நகைப்பவர்கள், தமிழில் முந்நூறு வினைகள் வேலையின்றி உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மொழிகள் கலப்பதே கூடாது என்று நான் வாதாடவில்லை. ‘நடவடிக்கை எடுத்தல்’ ஆங்கிலத்தின் நிழல்தான். அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள வேண்டாமா? வேண்டும். நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் தொல்காப்பியம் கேட்க வந்தவர் அல்லர். ஆனால் சங்கம் நடத்தும் ஆங்கில வகுப்பில் மீண்டும் செயப்பாட்டு வினையையே அரைத்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. பெயரைத் தனியாகவும் வினையைத் தனியாகவும் படிப்பதை நிறுத்தி, இணையாகவே மனத்தில் ஏற்ற வேண்டும். இது புதிய யோசனையும் அன்று. ஜப்பானிய மாணவர்களின் இடர் கண்ட ஹரால்டு பாமர், 1933இல் தோக்கியோவில் இத்தகைய இணைகளைத் திரட்டி ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார். 2002 முதல் ஆக்ஸ்போர்டாரின் தனி அகராதியும் இதற்கென்று இருக்கிறது. நூலகத்தில் இல்லையென்றால் வாங்கச் சொல்லி நாம் கேட்கலாம்.

சங்க அறையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஆங்கில இணை. வலப்பக்கம் தமிழ் இணை. முதல் பக்கத்தில் ‘கவனம்’ எழுதியாயிற்று: அவர்கள் ‘பே’ செய்கிறார்கள், நாம் செலுத்துகிறோம், இரண்டும் பொருந்தின. அடுத்தது ‘நன்றி’: நாம் அதையும் செலுத்துகிறோம், அவர்களோ ‘கிவ்’ என்கிறார்கள். மூன்றாவது ‘கனவு’. நாமும் இந்திக்காரரும் கனவைக் காண்கிறோம். ஆங்கிலேயன் ‘ஹேவ்’ செய்கிறான். நான்காவது வரியிலிருந்து இடம் காலியாக இருக்கிறது. பேனா நூலில் கட்டித் தொங்குகிறது.