துபாஷி போன பின்

மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில் என் சித்தப்பா ஒரு சிறு ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். அங்கே பரண்மேல் ஒரு ஸ்கேனர் கிடக்கிறது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சென்ற ஆண்டு விண்டோஸ் 11 உள்ள கணினி வாங்கியதும் அது ஊமையாகிவிட்டது. தயாரித்த கம்பெனியைக் கேட்டால், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

ஸ்கேனர் கெடவில்லை, நண்பர்களே! துபாஷிதான் இல்லை. கம்பெனி ஆட்சிக் காலத்துச் சென்னையில் வெள்ளையருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பேசியவரைத் துபாஷி என்றார்கள். கணினிக்கும் கருவிக்கும் நடுவே அப்படி நிற்கும் நிரலே டிரைவர். அரசு மாறினால் பழைய துபாஷிக்குச் சபையில் இடமேது?

விண்டோஸ் 95 காலத்து டிரைவர் முறை விஎக்ஸ்டி. 1998இல் டபிள்யூடிஎம் என்ற புது முறை வந்து அதை மெல்ல ஓரங்கட்டியது. 2007இல் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்போ, கையொப்பமில்லாத டிரைவரைக் கருவறைக்குள் விடமாட்டேன் என்றது. 32 பிட் டிரைவருக்கும் அங்கே அனுமதியில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. எங்கள் ஸ்கேனருக்கு இருந்தது 32 பிட் டிரைவர் மட்டுமே!

இம்மாற்றங்களை நான் குறைகூற மாட்டேன். கருவறைவரை செல்லும் டிரைவர் ஒன்று தடுக்கி விழுந்தால் கணினி முழுவதும் நீலத்திரை காட்டிப் படுத்துவிடும். காவல் வேண்டியதுதான்.

ஆனால் அதே கடையில், ஸ்கேனருக்கு மூத்த டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்றும் கிறீச்சிட்டபடி பில் அடிக்கிறதே, அது எப்படி? எப்சன் நிறுவனம் வகுத்த கட்டளைகள் அதற்குப் புரியும். அவை கையேட்டிலேயே அச்சிடப்பட்டவை. விண்டோஸோடு வரும் வெறும் எழுத்துக்கான டிரைவரே அதற்குப் போதும். புதுக் கணினியில் பழைய போர்ட் இல்லாத குறையை ஒரு கேபிள் தீர்த்துவிட்டது.

ஸ்கேனரின் மொழியோ தயாரித்தவரின் ரகசியம். என் வழக்கு இதன்மேல்தான். விற்பனையையும் நிறுத்தி, டிரைவரையும் கைவிட்ட பிறகு ரகசியம் எதற்கு? அந்த மொழியை வெளியிட்டால் நம் கணினித்துறை மாணவர்களே டிரைவர் எழுதிவிடுவார்களே! லினக்ஸில் 'சேன்' என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள் ரகசியத்தையும் மீறிப் பல பழைய ஸ்கேனர்களைப் பேசவைத்திருக்கிறார்கள். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. அரசுக் கல்லூரிகளுக்குக் கருவி வாங்கும் டெண்டரில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் என்ன?

சித்தப்பா இன்னும் ஸ்கேனரைக் காயலான் கடைக்குப் போடவில்லை. சேன் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் கடையின் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கப் போகிறேன்.