இருநூற்றைம்பது வருஷத்துக் கட்டடமும் முப்பது வருஷத்து வில்லங்கமும்

வங்கியில் என்னோடு வேலை செய்கிற நண்பர் ஒருவர் சேப்பாக்கம் அரண்மனையைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டார். பழைய கட்டடங்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் சுற்றிக் காட்டுகிற ஒரு குழு இருக்கிறதாம். எனக்குக் கட்டடங்கள் மேல் பெரிய மோகம் கிடையாது. ஒரகடம் பக்கத்துச் சேரியில் பிறந்தவனுக்குக் கட்டடம் என்றால் கம்பெனி காம்பவுண்டும் அதன் கேட்டும்தான். ஆனாலும் போனேன். போனதற்குக் காரணம் என் தாத்தா.

தாத்தா சாகிறவரைக்கும் ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். “நம்ம மனு போர்டுல கீதுடா.” சின்ன வயசில் போர்டு என்றால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கேயோ ஒரு பெரிய கரும்பலகையில் எங்க நிலத்தை எழுதி வச்சிருக்காங்க, யாரும் அழிக்காம இருந்தா சரி. படித்து வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது ரெவின்யூ போர்டு. மாகாணத்தின் நிலம், வரி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்த அமைப்பு. அது இருந்த இடம் சேப்பாக்கம் அரண்மனை. 1980-லேயே சட்டம் போட்டு அதைக் கலைத்துவிட்டார்கள். என் தாத்தா செத்தது 2001-ல். இல்லாத போர்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தார் மனுஷன். ‘போர்டுக்குப் போயிருக்கு’ என்று சொல்லி அனுப்பிய ஆபீசில், ‘போர்டே போயிடுச்சு பெரியவரே’ என்று சொல்ல ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லை.

அந்த போர்டு இருந்த கட்டடத்தைத்தான் பார்க்கப் போனேன்.

சுற்றிக் காட்டிய தம்பி நன்றாகப் படித்தவர், மரியாதையானவர். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டியது என்றார். கட்டித் தந்தவர் பால் பென்ஃபீல்டு என்று நம்பப்படுகிறது என்றார். கலசமஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதி. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் செத்ததும் பட்டம் ஒழிக்கப்பட்டு, 1859-ல் ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பிறகு ராபர்ட் சிஷோம் என்கிற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் இரண்டு மஹாலுக்கும் நடுவில் கோபுரம் எழுப்பி, ஆபீசுக்குத் தோதாக மாற்றினார். வளைவுகளைப் பாருங்கள், குவிமாடத்தைப் பாருங்கள், இந்தோ-சாரசனிக் பாணியின் முன்னோடி இதுதான் என்றார்.

பார்த்தோம். பொய் சொல்லக் கூடாது, அழகான கட்டடம்தான். ஒரு ஆள் படுக்கலாம் போலச் சுவர் கனம். அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்கள்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளு என்றிருக்கிறது. 2012 ஜனவரியில் கலசமஹால் தீப்பிடித்து எரிந்ததையும், தீயணைப்பு வீரர் ஒருவர் அதில் உயிர்விட்டதையும் தம்பி சொன்னார். பிறகு சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையிலேயே செப்பனிட்டிருக்கிறார்கள். இப்போது கலசமஹாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.

நான் ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, ரெவின்யூ போர்டு உக்காந்த ரூம் எது?”

அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் பின்னாடி ஆபீசா மாத்தினது சார், ஆர்க்கிடெக்சர்னு பாத்தா அதுல ஒண்ணும் விசேஷம் இல்ல” என்றார்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘ஒண்ணும் விசேஷம் இல்ல’ என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

பாரம்பரியம் என்று சொல்லிக் காட்டுகிறவர்கள் கட்டடத்தின் தோலைக் காட்டுகிறார்கள். நான் வங்கிக்காரன், கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நவாபிடம் காசு ஏது? அவர் தலைக்குமேல் கடன் வாங்கியவர். வட்டிக்குக் கொடுத்தவர்கள் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள். அதில் பெரிய ஆள், இந்த அரண்மனையைக் கட்டியதாகச் சொல்லப்படும் அதே பென்ஃபீல்டு. கடனுக்கு ஈடு என்ன? விளைச்சலின் மேல் வரும் வரி. 1785-ல் லண்டன் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன் கொள்ளையைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். அதற்கு முன்பே, 1763-ல், செங்கல்பட்டுச் சீமையை நவாப் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் பல வருஷம் அவரே அதைக் குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார். எங்க பக்கத்து மணிமங்கலமும் அந்த ஜாகீரில் சேர்த்தி. அந்த மண்ணில் ஏர் ஓட்டியவனும் அறுத்து அடித்தவனும் யார்? படியாளாகக் கிடந்த எங்க பாட்டன் பூட்டன். களத்தில் அவன் கூலிபோக மிச்சமெல்லாம் மிராசுதாருக்கும் சர்க்காருக்கும். அந்த வரியைக் காட்டி வாங்கிய கடனில் வாழ்ந்த தர்பாரின் வீடுதான் இது. இதில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்த கணக்கு 1891. செங்கல்பட்டில் தற்காலிகக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மிராசுதார்கள் தரிசு உட்பட ஊர் முழுக்கத் தங்களுடையது என்றார்கள். பறையன் தரிசுக்குத் தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருக்கும் சேரி மனைக்கட்டுகூடச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையோடு வெளியே. இதையெல்லாம் எழுதி, நிலம் கொடு, மனைக்குப் பாதுகாப்புக் கொடு, பள்ளிக்கூடம் கொடு என்று கேட்டார். அந்த அறிக்கை போர்டின் மேசைக்கும் வந்தது. அவர் கேட்டதில் பலதை அதிகாரிகள் ஏற்கவில்லை. வெட்டிக் குறைத்து மிஞ்சியதுதான் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட 1010, 1010ஏ அரசாணைகள். நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, ஆவணத்தில் டி.சி. நிலம் என்று இருக்கிறதே, அதன் வேர் அங்கே. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

மூன்றாவது கணக்கு 1924. அந்த வருஷம் ஆகஸ்டில், செங்கல்பட்டுச் சீமைக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது ரோடு, தெரு, கிணறு, குளம் இவற்றோடு அரசு அலுவலக வளாகங்களுக்குள்ளும் எந்த வகுப்பாரும் போகலாம் என்று. அதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது, கவனியுங்கள். நூறு வருஷத்துக்கு முந்தி என் பாட்டன் ஒரு சர்க்கார் ஆபீசின் தாழ்வாரத்தில் ஏறி நிற்பதே வழக்காகக்கூடிய விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்புக் காலோடு ஹுமாயூன் மஹாலில் நடந்தேன் என்றால், எனக்கு அந்தக் கதவைத் திறந்தது சிஷோம் இல்லை, சீனிவாசன்.

இந்த மூன்று கணக்கும் அந்தச் சுற்றில் இல்லை.

*

இப்போது என் சங்கதி. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1930-களில் எங்க தாத்தாவின் நைனாவுக்கு டி.சி. நிலம் ஒரு ஏக்கர் பத்து சென்ட் கிடைத்தது. ஒரு பஞ்சத்தில் வாங்கிய நெல்லுக்காக வெள்ளைப் பேப்பரில் கைநாட்டு வைத்தார். நிலம் போய்விட்டது. நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 1980-களில் யு.டி.ஆர். வந்தபோது, பழைய பதிவேட்டில் டி.சி. என்றிருந்த குறிப்பு புதுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. ஒரு எழுத்தரின் பேனா ஓடாமல் விட்ட இரண்டு எழுத்து. அதற்குப் பிறகு அந்த நிலம் சுத்தமான பட்டா நிலம். ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்தன, ரோடு ஆறுவழியானது, சென்ட் கணக்கில் விற்ற மண் சதுரடிக் கணக்கானது. இப்போது அங்கே ஒரு கிடங்கின் மதில் நிற்கிறது. ஆயா உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கடன் மனு என் மேசைக்கு வந்தது. நான் குமாஸ்தா. பத்திரங்களைச் சரிபார்த்து எண்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. சர்வே எண்ணைத் தட்டும்போது கை நின்றது. தாத்தா ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்த எண். உட்பிரிவு மட்டும் புதுசு. வக்கீலின் கருத்துரையைப் புரட்டினேன். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று பார்க்கப்பட்டது, மூலப்பத்திரம் சரி, உரிமை தெளிவானது, அடமானத்துக்கு ஏற்றது.

அவர் பொய் எழுதவில்லை. முப்பது வருஷத்துக்குள் அந்த நிலத்துக்கு ஒரு வில்லங்கமும் இல்லைதான். வில்லங்கம் அதற்கு முந்தியது.

நான் என்ன செய்தேன்? எண்ணை ஏற்றினேன். சீல் போட்டேன். கவிதையில் நிலம் நிலம் என்று கதறுகிறவன், மேசையில் அரைவரி எழுதவில்லை. மேனேஜரிடம் போய், ‘சார், இதோட பழைய பதிவேட்டைப் பாக்கணும்’ என்று சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். வேலை, வீட்டுக் கடன், பிள்ளைக்குப் பீஸ் என்று எல்லாம் கண்முன்னே வந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

இதே வங்கித் தொழிலில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். டி.சி. குறிப்பு அழியாமல் இன்னும் நிலத்தை வைத்திருக்கிற நம்ம ஆள் கடன் கேட்டு வந்தால், ‘நிபந்தனை நிலம், அடமானத்துக்கு ஆகாது’ என்று கருத்துரை வரும். குறிப்பு இருந்தால் நமக்குக் கடன் இல்லை. குறிப்பு அழிந்தால் பிடுங்கியவனுக்குக் கடன்.

*

சேப்பாக்கத்தில் அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு உறைத்தது இதுதான். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் என்றால் இந்த நாட்டுக்கு 1768 வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எந்த வளைவு எந்த வருஷம், எந்த மாடியை யார் ஏற்றினார், சாந்தில் எவ்வளவு வெல்லம், எல்லாம் தேடி எடுக்கிறார்கள். சேரிக்காரனின் ஒரு ஏக்கர் என்றால் ஞாபகம் முப்பது வருஷத்தில் நின்றுவிடுகிறது. பழையதைத் தேடுவது இவர்களால் முடியாத காரியம் அல்ல என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

சில தோழர்கள் கேட்பார்கள்: நவாபும் வெள்ளைக்காரனும் இருந்த மாளிகையை நாம எதுக்கு வேடிக்கை பாக்கணும்? நிலம் போராட்டத்துல வரும், கட்டடத்துல வருமா? நியாயமான கேள்வி. காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலைக்காக 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸும் ஏழுமலையும் எந்த ஆவணக் காப்பகத்திலும் தவம் கிடந்தவர்கள் அல்ல. 1892 ஆணையும் வெள்ளைக்காரன் போட்ட பிச்சை அல்ல. தர்காஸ்து போட்டுப் போட்டு விரட்டப்பட்ட பறையர்கள் இல்லாவிட்டால் திரமென்ஹீருக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

ஆனால் அவர்கள் ரத்தம் சிந்திக் கேட்டதற்கு ஆதாரம் காகிதத்தில்தான் இருக்கிறது. போர்டின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நில நிர்வாக ஆணையர் அலுவலகம் இன்றும் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, எழிலகத்தில். எதிரி அந்தக் காகிதத்தை நன்றாகப் படித்திருக்கிறான். எந்த இரண்டு எழுத்து விட்டுப்போனால் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். சேப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு வையுங்கள்: செங்கல்பட்டுப் பறையர்களின் நிலக் கோரிக்கை இங்கே விசாரிக்கப்பட்டது, 1892-இல் ஆணை பிறந்தது என்று. சிஷோமுக்கு இருக்கிற இடத்தில் பாதி போதும். ஒவ்வொரு வட்டத்திலும் யு.டி.ஆருக்கு முந்திய பதிவேட்டில் டி.சி. என்றிருந்த சர்வே எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இந்தப் பகுதியில் நிலத்தின் மேல் கடன் கொடுக்கிற எந்த வங்கியும் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. முப்பது வருஷ வில்லங்கம் பஞ்சமி நிலத்துக்குப் போதாது.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிஃப்டு வேலை பார்க்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, ‘அ’ பதிவேடு படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தின் பழைய சர்வே எண்ணை உங்க ஆயாவிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்.

நான் போன வாரம் அந்த எண்ணுக்குப் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல் கேட்டு மனுப் போட்டேன். திங்கட்கிழமை மேனேஜரிடமும் சொன்னேன், ரெண்டு வருஷம் லேட்டாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நகல் வரட்டும், பாப்போம்” என்றார். வந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

சேப்பாக்கம் போகிறவர்கள் போய்ப் பாருங்கள். கோபுரத்தையும் பாருங்கள். சுற்றிக் காட்டுகிறவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: போர்டு உக்காந்த ரூம் எது? நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அவர் தேடிவைத்துச் சொல்வார்.