பழைய ஊர்தியும் புதிய வில்லும்

பழைமையைப் போற்றுவார் ஒரு சாராரும் புதுமையை விழைவார் ஒரு சாராருமாக உலகம் இரு கட்சிப்பட்டு நிற்றல் எத்துறையிலும் காணப்படுவது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவாரிடத்தும் இப்பிரிவு உண்டு. அக்கார்களின் சஸ்பென்ஷனைச் செப்பனிடுங்கால், தொழிற்சாலையில் அமைந்தபடியே வைத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அனைத்தையும் கழற்றி எறிந்து இக்காலத்து உறுப்புக்களைப் பூட்டுதல் வேண்டும் என்பர் பிறர். இவ்விரண்டும் முழுதும் ஏற்கத்தக்கன அல்ல என்பதும், முதற்கண் புதுப்பித்தலும் அதன் பின்னரே மேம்படுத்தலும் முறை என்பதும் எமது துணிபு.

இதனை விளக்க, இங்கிலாந்திலுள்ள ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். 5 இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்ட இக்கார்களுட் பல இன்றும் ஓடுகின்றன. இதன் முன்சக்கரங்களைச் சுருள்வில்கள் தாங்குகின்றன. பின்னச்சோ, நம் நாட்டு வில்வண்டியிற் போல, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை வில்களோடு பிணைக்கப்பட்டுள்ளது. பாரத்தைத் தாங்கி மேடுபள்ளத்திற்கு ஏற்ப வளைந்து கொடுத்தல் வில்லின் தொழில். ஆனால் வளைந்த வில் உடனே ஓய்வதன்று. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அவ்வாட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவது ஷாக் அப்சார்பர். எம்.ஜி.பி.யில் அது நெம்புகோல் வகையினது. முன்புறத்தில் அதன் கையே சக்கரத்தை மேற்புறம் பற்றி நிற்கும் உறுப்பாகவும் பணிபுரிகின்றது. உறுப்புக்கள் ஒன்றோடொன்று கூடி அசையும் பல இடங்களில் ரப்பர்ப் புஷ்கள் உள்ளன.

காலம் இவற்றுள் எதனையும் விட்டுவைப்பதில்லை. ரப்பர் வெடித்தும் எண்ணெய் பட்டு ஊதியும் உருக்குலைய, சக்கரம் தான் நிற்கவேண்டிய கோணத்தில் நில்லாது அலைகின்றது. கிரீஸ் இடாது விடப்பட்ட கிங்பின் தேய்கின்றது. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து வலியிழக்கின்றது. பட்டை வில் தளர்ந்து தொய்கின்றது. இத்தேய்வு ஒரே நாளில் நேர்வதன்று. ஆதலின் ஓட்டுபவர் தம்மை அறியாமலே அதற்குப் பழகிவிடுகின்றார். வளைவிலே கார் தடுமாறுங்கால், பழைய காரின் இயல்பு இதுவே என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். அஃது இயல்பு அன்று. பேணாமையால் வந்த நோய்.

இந்நோயின் மூலத்தை ஆராயாது கடினமான புதிய வில்களை வாங்கிப் பூட்டுவோர் செய்கை யாது பயன் தரும்? பழைய ஆடையிற் கோடித்துண்டை இணைத்தலைக் குறித்து நம் ஆண்டவர் அருளிய உவமை ஈண்டு நினைவிற்கு வருகின்றது. நைந்த புஷ்களின்மேல் கடிய வில் ஏறின், முன்னர் வில் ஏற்ற அதிர்ச்சியைப் பின்னர்ப் புஷ்களும் உடற்கூடுமே ஏற்க நேரிடும், கிழிசல் பெரிதாகும். சிலர் காரைத் தாழ்த்தும் பொருட்டுச் சுருள்வில்லை வெட்டிக் குறைக்கின்றனர். சுருள் குறைந்த வில் முன்னினும் கடினமாகும். அதன் விசையை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்கு ஆற்றல் போதாது. செய்யுளில் ஒரு சீரை மாற்றின் அடுத்த சீரோடு தளை தட்டுதல் போல, இங்கும் ஓர் உறுப்பின் மாற்றம் ஏனையவற்றைத் தாக்காமல் இராது.

இனி, தொழிற்சாலை அமைத்தது எதுவும் மாற்றத்தக்கதன்று என்பாரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டுச் சட்டங்களுக்கு இணங்க, 1974-ஆம் ஆண்டில் எம்.ஜி.பி.க்குப் பாரமிக்க ரப்பர் பம்பர்கள் பூட்டப்பட்டன. காரும் ஏறக்குறைய 1 அங்குலம் உயர்த்தப்பட்டது. 1975-ஆம் ஆண்டு மாதிரியில், வளைவிலே கார் பக்கஞ் சாய்தலைக் குறைக்கும் முன்புறக் கம்பியும் செலவைச் சுருக்கும் பொருட்டு நீக்கப்பட்டது. கார் முன்னினும் மிகுதியாகச் சாய்ந்தது. 1977-ஆம் ஆண்டு மாதிரியில் முன்னும் பின்னும் அக்கம்பிகளை அமைத்து, செய்தவரே குறையை ஒருவாறு தீர்த்தனர். செய்தவரே திருத்திய ஒன்றை நாம் திருத்தலாகாது என்பது பொருந்துமோ? நீக்கப்பட்ட கம்பியை மீளப் பூட்டுவது அக்காரின் பழைமைக்கு இழுக்கு ஆகாது.

ஆயின் மேம்படுத்தும் முறைதான் யாது? முதலில் புஷ், கிங்பின், ஷாக் அப்சார்பர், வில் ஆகியவற்றைச் சோதித்து, நைந்தவற்றை மாற்றிப் பழைய நலத்தை மீட்டல் வேண்டும். வில்லும் ஷாக் அப்சார்பரும் இருபுறமும் இணையாகவே மாற்றத்தக்கன. அதன் பின்னர்க் காரை ஓட்டிப் பார்த்தால், வேறு மாற்றமே வேண்டா என்று தோன்றுதலும் கூடும். வேண்டுமெனின், 1973 முதல் 1976 வரை வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் முன்புறப் புஷ்கள் நல்ல தெரிவாம்; அவை உலோகக் குழலுக்குள் ரப்பரைப் பிணைத்த உறுதியான அமைப்பின. பாலியூரித்தேன் புஷ்கள் நெடுநாள் உழைப்பினும், சாலையின் அதிர்வை மிகுதியாக உள்ளே செலுத்துவன. எவ்வகை ரப்பர்ப் புஷ் ஆயினும், காரின் பாரம் சக்கரங்களின்மேல் நின்ற பின்னரே திருகாணியை இறுதியாக முடுக்குதல் வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், ரப்பர் முறுக்குண்டே நின்று விரைவிற் கிழியும். இத்தகைய சிறு நுட்பம், விலையுயர்ந்த உறுப்பினும் மிகுந்த பயன் தருவதாகும்.

வேடிக்கைக்காக வைத்திருக்கும் காரைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுதும். கார் வேடிக்கைக்கு உரியதாயினும் சாலை வேடிக்கைக்கு உரியதன்று. அதிலே நடப்பார் உளர், சிறார் உளர். அவர்கட்கு எதிரே வரும் காரின் வண்ணமும் விரைவும் பொருள் அல்ல. ஓட்டுபவர் திருப்பிய திசையில் அது திரும்புமா என்பதே பொருள். ஆகலின், பழையதைப் பேணுவோர் அதன் புறத்தோற்றத்தினும் அதனைத் தாங்கி நிற்கும் உறுப்புக்களை முதற்கண் பேணுவாராக. முன்னோர் அளித்த நலம் குன்றாது காத்து, அவர் விட்ட குறையை அளவறிந்து நிரப்புதலே பழைமைக்குச் செய்யும் உண்மையான மரியாதை என்க.