நம்பிக்கை மையத்துக்குப் போக ஏன் அஞ்சுகிறோம்?

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம் வழக்கம்போல வந்து போனது. உறுதிமொழி வாசித்தார்கள். மாணவர்கள் பதாகை பிடித்துப் பேரணி சென்றார்கள். நாம் இவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேரணி பெரிய ரோட்டோடு திரும்பிவிடுகிறது, காலனிக்குள் வருவதில்லை. பரிசோதனையைப் பற்றிய பேச்சும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்த வாரத்தில் அரூர் பக்கம் ஒரு காலனியில் பெண்களோடு உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு தங்கை கேட்டார்: "அண்ணா, டெஸ்ட்டு எடுத்துக்கிட்டா ஊருக்கே தெரிஞ்சிடுமே. அப்புறம் யாரு ஊட்டுல எங்களுக்குத் தண்ணி குடுப்பாங்க?" பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி சட்டென்று சொன்னார்: "ஏன்டி, இப்ப மட்டும் குடுக்கறாங்களாக்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். நமக்கும் சிரிப்பு வந்தது. வீடு திரும்பும் வழியில்தான் அது உறுத்தத் தொடங்கியது.

தனிக்குவளை என்றால் என்ன, தள்ளி நின்று வாங்குவது என்றால் என்ன என்று யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நம் தெருவிலேயே, தொற்று இருப்பதாகப் பேச்சு எழுந்த ஒருவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக ஒதுக்கி வைத்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவர் இறந்தபோது தூக்குவதற்கு நான்கு பேரைத் தேட வேண்டியிருந்தது. ஊர்த்தெரு நமக்குச் செய்ததை நாம் நம்மவருக்கே செய்தோம். அந்த வெட்கத்தை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பத்தியை எழுதுகிறோம்.

முதலில் அடிப்படை. எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் கிருமி. அது பல ஆண்டுகள் உள்ளிருந்து எதிர்ப்புச் சக்தியைக் குலைத்த பின் காசநோய் முதலான நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும் நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி இருப்பவர் எல்லோரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர். பரவும் வழிகள் எண்ணிவிடக் கூடியவை: ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், கிருமியுள்ள ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே குவளையில் குடிப்பதால், கட்டிப்பிடிப்பதால், கொசு கடிப்பதால் இது பரவாது. இதை இங்கே கண்டறிந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் குவளையைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலாவை ரத்த மாதிரிகள் சேகரிக்கச் சொன்னார். அவற்றில் ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது, வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் அது தெரியவந்தது. ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்கள். எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இரு மருத்துவர்களின் உழைப்பு பெரிது. பிற்காலத்தில் நோயாளிகளை மற்றவர்கள் தொடத் தயங்கியபோது அவர்களுக்காக நின்றவர் சுனிதி சாலமன். ஆனாலும் பரிசோதனை என்பது கேட்காமல், சொல்லாமல், இருப்பதிலேயே எளியவர்களின் உடம்பில் தொடங்கியது என்பதும் வரலாறுதான். நம் பெண்களின் அச்சத்துக்கு வேர் இல்லாமல் இல்லை.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஏரி வற்றினால், கூலி இல்லையென்றால் தருமபுரிக்காரர் பெங்களூருவுக்குப் பேருந்து ஏறுவார், இல்லையென்றால் திருப்பூருக்கு. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் கொளுத்தப்பட்ட வீடுகளில் பல, பெங்களூருவில் சாரம் ஏறிச் சம்பாதித்த காசில் கட்டியவை. பண்ணையை நம்பாமல் வாழ வழி தந்தது அந்தப் பயணம். எனவே, 'வெளியூர் போகிறவன் நோய் கொண்டுவருகிறான்' என்று பேசுவதை நாம் ஏற்க மாட்டோம். ஆனால் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்து, மொழி தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தாலும் மருந்துக் கடையோடு திரும்பும் ஒருவருக்கு, எந்தத் தொற்றும் தாமதமாகத்தான் தெரியவரும். சேலம், கிருஷ்ணகிரி வழியாக ஓடும் லாரிகளில் வேலை செய்பவர்களுக்கும் அதே கதைதான்.

இதில் முதலில் சிக்குவது பெண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். ஆகவே குடும்பத்தில் முதலில் 'தெரியவருவது' மனைவிக்கு. முதலில் தெரிந்ததாலேயே முதல் குற்றவாளி ஆக்கப்படுகிறார். பெங்களூருவிலிருந்து வந்த கணவன் பரிசோதனைக்கே போகாமல், மாமியார் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய கதைகள் எத்தனை! பக்கத்து நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளானவர். அவர் ஒளிந்துகொள்ளவில்லை. தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998இல் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். பழி சுமத்தப்பட்ட பெண்கள் தாங்களே பேசத் தொடங்கிய பிறகுதான் அரசும் செவிசாய்த்தது. தலித் இயக்கத்துக்கு இது அந்நியமான பாடம் இல்லை.

சரி, பரிசோதனை எப்படி நடக்கிறது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அரூர், பென்னாகரம், பாலக்கோடு போன்ற அரசு மருத்துவமனைகளிலும் 'நம்பிக்கை மையம்' உண்டு. கட்டணம் இல்லை. முதலில் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். என்ன சோதனை, எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேட்பார். கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும். முதல் சோதனையில் அறிகுறி காட்டினாலும் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு வகைச் சோதனைகள் மூன்றிலும் உறுதியானால்தான் தொற்று இருக்கிறது என்பார்கள். முடிவைச் சொல்லும்போதும் ஆலோசகர் மறுபடி பேசுவார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருமி உடம்புக்குள் வந்த மறுநாளே சோதனையில் தெரியாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தெரிந்துவிடும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். ஐயம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துவிட வேண்டும். எதையும் யாரிடமும் நேரில் கேட்கக் கூச்சம் என்றால் 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

தொற்று இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்? முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் சாவு. இன்று அப்படி இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. தாம்பரம் மருத்துவமனை முதலில் தொடங்கிய இடங்களுள் ஒன்று. தொடக்கத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிறகே மருந்து கொடுத்தார்கள். 2017 முதல், தொற்று உறுதியானால் உடனே சிகிச்சை என்பது கொள்கை. தருமபுரியிலேயே ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. மாத்திரையை ஒருநாளும் விடாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி சோதனைக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. உலக மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை இது. சிகிச்சை இல்லாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. முறையான சிகிச்சை இருந்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது. நேரத்தில் தெரிந்துகொண்டால் ஆயுள் இருக்கிறது. குழந்தைக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

தெரிந்தும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தூர் இருக்கிறது. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்குத் தொற்று உண்டானது. அந்த ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016இலேயே ரத்ததானம் செய்தவர். அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் தாமாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதனால்தான் விஷயமே வெளியே வந்தது. ஆனால் பழி மொத்தமும் தம்மேல் விழ, அந்த மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பின்னர் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவருடைய குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது மட்டுமே அந்தக் கதையில் ஆறுதல். உண்மையைச் சொன்ன இளைஞரைக் கிருமி கொல்லவில்லை. அவருக்கு மாத்திரை இருந்தது. சுற்றி நிற்க மனிதர்கள் இல்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி டிசம்பர் 1 மேடைகளில் யாரும் பேசுவதில்லை: தூய்மைப் பணியாளர்கள். நம் மாவட்டத்திலும் இந்த வேலையில் பெரும்பாலோர் அருந்ததியர். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகளைக் குத்திப் பீறாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும். கழிவைக் கையாள்பவர்களுக்குப் பயிற்சியும், மஞ்சள் காமாலைக்கும் ரணஜன்னிக்கும் தடுப்பூசியும், ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனையும் தர வேண்டும். நடப்பது என்ன? தெருக் குப்பையில் ஊசி கிடக்கிறது, கையுறை கிழிந்திருக்கிறது. ஊசி குத்தினால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கிருமியுள்ள ஊசி குத்தினாலும் ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்று ஏற்படும். அதையும் தடுக்க மருந்து இருக்கிறது. குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். குத்திய நாளிலேயே ஒரு பரிசோதனையும் பிறகு மறுபரிசோதனையும் அவசியம். இந்த நான்கு வரியை எந்த நகராட்சி, பேரூராட்சி அலுவலகச் சுவரிலாவது பார்த்திருக்கிறோமா?

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவைச் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. வேலை கொடுப்பதற்கோ பள்ளியில் சேர்ப்பதற்கோ சிகிச்சை தருவதற்கோ இந்தப் பரிசோதனையை நிபந்தனை ஆக்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டோ வாடகை வீட்டை விட்டோ துரத்தக் கூடாது. தொற்றுள்ளவர்மேல் வெறுப்பைப் பரப்பினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புகார்களை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருமகளை வீட்டை விட்டு விரட்டினால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவர் அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் காக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை நம் இளைஞர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தையும் அப்படிப் படிக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது அதிகமில்லை. வெளியூர் போனவர்கள் ஊர் திரும்பும் பொங்கல் நாட்களில், மாலை நேரத்தில், நடமாடும் நம்பிக்கை மைய வாகனம் காலனிப் பக்கம் வரட்டும். அது எச்.ஐ.வி.க்கு மட்டுமாக இல்லாமல், சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் எல்லாவற்றுக்கும் சேர்ந்த முகாமாக இருக்கட்டும். அப்போது யார் எதற்கு வந்தார்கள் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. கர்ப்பிணியோடு கணவரையும் பரிசோதனைக்கு அழைக்கட்டும். தூய்மைப் பணியாளருக்கு ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்பதை எழுதி ஒட்டட்டும். குத்தியதைச் சொன்னதற்காக யார் வேலையும் போகாது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கட்டும்.

நம் பங்கு பாக்கி இருக்கிறது. அமைப்புகளில் பொறுப்பில் இருக்கும் ஆண்கள் முதலில் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டும். எழுதிவிட்டுச் சும்மா இருப்பது சரியில்லை என்பதால், அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம் நாங்கள் ஐந்து பேர் ஒன்றாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டோம். முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டோம். அது அவரவர் சொந்த விஷயம் என்பதுதான் சட்டமும் சொல்வது.

பிறகு அரூர்ப் பக்கம் போனபோது அந்தத் தங்கையிடம் இதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பொங்கலுக்கு அவரு வருவாரு. ரெண்டு பேருமா போறோம்ணா" என்றார். பாட்டி உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லோரும் அதிலேயே குடித்தோம்.