பெங்களூருவில் இரண்டு நாட்கள்

பாட்னாவில் ஜூன் 23 அன்று கூடியவை 15 கட்சிகள். ஜூலை 17, 18 தேதிகளில் பெங்களூருவில் கூடியவை 26. பாஜக ஆட்சியைக் கர்நாடக மக்கள் அகற்றி இரண்டே மாதங்கள் ஆன நிலையில், அம்மாநிலத் தலைநகரில் ‘இந்தியா’ என்ற பெயருடன் ஓர் அணி 2023இல் உருவானது. இதைக் கண்டு ஆட்சியாளர்கள் பதறியது வெளிப்படை. கூட்டாளிகளைப் பல காலம் மறந்திருந்த பாஜக, 18ஆம் தேதியன்றே தில்லியில் 38 கட்சிகளைத் திரட்டியது. தமிழக முதலமைச்சர் பெங்களூரு புறப்பட்ட நாளில் அமைச்சர் பொன்முடியின் வீட்டில் அமலாக்கத்துறை நுழைந்தது.

இந்த இரண்டு நாட்களில் தோழர் சீத்தாராம் யெச்சூரி ஆற்ற வேண்டியிருந்த பணி எளிதானதல்ல. மேற்கு வங்கத்தில் ஜூலை 8 அன்று நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் வாக்குகளோடு உயிர்களும் பறிக்கப்பட்டன. பலியானோரில் நம் தோழர்களும் உண்டு. வாக்கு எண்ணிக்கை தொடங்கி ஒரு வாரம் கழிவதற்குள், அம்மாநில முதலமைச்சர் அமர்ந்த அதே அரங்கில் நமது அப்போதைய பொதுச்செயலாளரும் அமர்ந்தார். இது நியாயமா என்ற கேள்வி கிளைகளில் எழுகிறது. எழ வேண்டிய கேள்விதான்.

கூட்டம் தொடங்கும் முன்பே அவர் பதிலைச் சொல்லிவிட்டார். வங்கத்தில் திரிணாமுலுடன் உடன்பாடு இல்லை. அங்கே இடதுசாரிகளும் காங்கிரசும் பிற மதச்சார்பற்ற சக்திகளும் பாஜகவையும் திரிணாமுலையும் எதிர்த்தே நிற்பார்கள் என்றார். 2004இல் இடதுசாரிகள் வென்ற 61 தொகுதிகளில் 57இல் காங்கிரசையே தோற்கடித்ததையும், அதன் பின்னரே மன்மோகன் சிங் அரசு அமைந்ததையும் நினைவூட்டினார். அந்த அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த காலத்தில்தான் ஊரக வேலை உறுதிச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் சாத்தியமாயின. மாநிலத்தில் மோதிக்கொள்ளும் சக்திகள், அரசியலமைப்பைக் காக்கும் போரில் ஒரே பக்கம் நிற்க நேரலாம். அதற்காக மாநிலப் போராட்டம் கைவிடப்படுவதில்லை.

பெங்களூரு தீர்மானம் மணிப்பூரின் துயரத்தையும் அதைப் பற்றிப் பிரதமர் காத்த மௌனத்தையும் சாடுகிறது. ஆளுநர்களின் அத்துமீறல், விலைவாசி, வேலையின்மை, சாதிவாரிக் கணக்கெடுப்பு, தேசத்தின் சொத்துகள் தாரைவார்க்கப்படுவது ஆகியவற்றையும் பேசுகிறது. இவை நாம் தெருவில் எழுப்பி வந்த முழக்கங்கள். மே 3 முதல் மணிப்பூர் எரிய, ஜூலை 20 அன்றுதான், அதுவும் அவைக்கு வெளியே, பிரதமர் வாய் திறந்தார். கொடூரக் காணொலி நாட்டையே உலுக்கிய பின்னரே அது நடந்தது.

எனினும் தலைவர்கள் கைகோத்து நிற்பதால் மட்டும் வகுப்புவாதம் வீழ்ந்துவிடாது. அந்த 26 கட்சிகளில் தாராளமயப் பாதையைத் தம் மாநிலங்களில் செயல்படுத்தியவையும் உண்டு. தொழிலாளர், விவசாயிகளின் கோரிக்கைகளை இந்த அணி எவ்வளவு உறுதியோடு ஏந்தும் என்பது, வெளியே நாம் நடத்தும் போராட்டங்களின் வலிமையைப் பொறுத்தது. ஆலை வாயிலிலும் நூறு நாள் வேலைத்தளத்திலும் குடியிருப்புகளிலும் மக்களைத் திரட்டுவதே கட்சி உறுப்பினரின் கடமை. அது நிகழாவிடில் பெங்களூரு தீர்மானம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

கிளைக் கூட்டங்களில் இதை விவாதிப்போம். வங்கத் தோழர்களின் தியாகத்தை மறவாமலும், பாஜகவை வீழ்த்தும் இலக்கிலிருந்து விலகாமலும் முன்செல்வோம்.